எச்.ஐ.வி. தொற்றாளரின் வயிற்றில் மைக்கோபாக்டீரியத் தொற்று: தமிழ்நாட்டுச் சூழலும் திருவண்ணாமலை இரமணாசிரமப் பகுதியும்

ஆய்வுச் சுருக்கம்

எச்.ஐ.வி. தொற்றால் நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களின் வயிற்றுறுப்புகளை மைக்கோபாக்டீரியம் இனத்தைச் சேர்ந்த இருவகைக் கிருமிகள் தாக்குகின்றன. ஒன்று காசநோய்க் கிருமி. மற்றொன்று மண்ணிலும் நீரிலும் இயல்பாக வாழும் ஏவியம் தொகுதிக் கிருமி. இரண்டும் காய்ச்சல், எடை இழப்பு, வயிற்றுவலி, கழிச்சல் ஆகிய ஒரேவகை அறிகுறிகளைக் காட்டினும், நோயின் போக்கிலும் மருந்திலும் வேறுபடுகின்றன. தமிழ்நாட்டுச் சூழலில் முதல் ஐயம் காசநோயின்மீதே எழவேண்டும் என்பதையும், அவ்வையத்தைத் திசுச் சான்றால் உறுதிசெய்யும் முயற்சி கைவிடப்படலாகாது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது. நிலையான முகவரியின்றி வாழ்வோர் மிகுந்த திருவண்ணாமலை இரமணாசிரமப் பகுதியை முன்வைத்துச் சிகிச்சைத் தொடர்ச்சி குறித்த சிக்கல்களும் ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: எச்.ஐ.வி., வயிற்றுக் காசநோய், ஏவியம் தொகுதி, எதிர்ப்பாற்றல் மீட்சி அழற்சி, திருவண்ணாமலை.

முன்னுரை

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாக 1986ஆம் ஆண்டு கண்டறியப்பட்டது. சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலா திரட்டிய குருதி மாதிரிகள், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டன. அக்காலத்தில் திருவண்ணாமலை, வேலூரைத் தலைமையிடமாகக் கொண்ட வடாற்காடு மாவட்டத்தின் பகுதியாக இருந்தது. 1989இல்தான் தனி மாவட்டமாயிற்று. எனவே, இந்நோயின் இந்திய வரலாறு இவ்வட்டாரத்திற்கு மிக அருகிலேயே தொடங்கியது எனலாம்.

எச்.ஐ.வி.யோடு காசநோயும் இணைந்தே பயணித்துள்ளது. 1928இல் மருத்துவர் சௌரி முத்து தாம்பரத்தில் நிறுவிய காசநோய் நலவாழ்வகம், பின்னர் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாக வளர்ந்து, 1993 முதல் எச்.ஐ.வி. தொற்றாளர்களை உள்நோயாளிகளாக ஏற்றது. 2004 ஏப்ரல் முதல் நாள் இந்திய அரசு கட்டணமில்லாக் கூட்டு மருந்துச் சிகிச்சையைத் தொடங்கியபோது தெரிவுசெய்யப்பட்ட எட்டு மருத்துவமனைகளுள் தாம்பரமும் ஒன்று. நெஞ்சக நோய்க்கான மருத்துவமனையே எச்.ஐ.வி. சிகிச்சையின் முதன்மைக் களமானதற்குக் காரணம், இங்குத் தொற்றாளர்களைப் பெரிதும் வருத்தும் சந்தர்ப்பத் தொற்று காசநோயே என்பதாகும்.

ஆயினும் காசநோய் என்றதும் இருமலும் சளியுமே நினைவுக்கு வருகின்றன. எதிர்ப்பாற்றல் சரியச் சரியக் கிருமி நுரையீரலுக்கு அப்பால் பரவும் வாய்ப்புக் கூடுகிறது என்பதும், வயிறு அதன் முதன்மை இருப்பிடங்களுள் ஒன்று என்பதும் போதிய கவனம் பெறுவதில்லை. இருமல் இல்லாத ஒருவருக்கு நீடித்த காய்ச்சலும் வயிற்றுவலியும் இருப்பின், நோய் இன்னதென்று அறியப்படுமுன் பல வாரங்கள் கழிந்துவிடக்கூடும். அவ்வாரங்களே பெரும்பாலும் உயிரைத் தீர்மானிக்கின்றன.

கிருமிகள் இரண்டு

மைக்கோபாக்டீரியங்கள் மெழுகுத்தன்மை மிக்க தடித்த உறையை உடையவை. சாயமேற்றியபின் அமிலத்தால் கழுவினாலும் நிறம் நீங்காமையால் இவை அமிலம் தாங்கும் கிருமிகள் எனப்படுகின்றன. காசநோய்க் கிருமிக்கும் ஏவியம் தொகுதிக் கிருமிக்கும் இப்பண்பு பொதுவானது. ஆகவே நுண்ணோக்கியில் தெரியும் அமிலம் தாங்கும் கிருமி இவ்விரண்டுள் எது என்று அச்சோதனை மட்டும் கூறாது.

காசநோய்க் கிருமி மனிதரிடமிருந்து மனிதருக்குக் காற்றின்வழிப் பரவுவது. உடலில் நுழைந்தபின் நெடுங்காலம் உறங்கிக் கிடந்து, எதிர்ப்பாற்றல் குன்றும்போது விழித்தெழும். குருதி, நிணநீர் ஆகியவற்றின் வழியாகவும், விழுங்கப்பட்ட சளியின் வழியாகவும், அருகிலுள்ள உறுப்புகளிலிருந்து நேரடியாகவும் அது வயிற்றை அடைகிறது. ஏவியம் தொகுதி அத்தகையதன்று. அது மண்ணிலும் நீர்நிலைகளிலும் குழாய்களின் உட்புறப் படலத்திலும் வாழ்வது. நாள்தோறும் மனித உடலுக்குள் செல்லினும் நலமுள்ளோருக்குப் பெரும்பாலும் தீங்கு செய்வதில்லை. ஒரு கனமில்லிமீட்டர் குருதியில் சிடி4 உயிரணுக்களின் எண்ணிக்கை 50க்கும் கீழே வீழ்ந்தவர்களிடமே அது குடற்சுவரைக் கடந்து உடலெங்கும் பரவுகிறது. காசநோயோ சிடி4 எண்ணிக்கை எந்நிலையில் இருப்பினும் தோன்றலாம். எண்ணிக்கை குறையுந்தோறும் அது பரவுதன்மை மிக்கதாகிறது.

இவற்றோடு செனிவா நகரின் பெயர்பெற்ற செனவென்சே என்னும் கிருமியும் குறிப்பிடத்தக்கது. அது ஏவியம் தொகுதியைப் போன்றே மண்ணீரல் வீக்கத்தையும் வயிற்றுவலியையும் உண்டாக்கும். வளர்ப்பு ஊடகத்தில் மிக மெதுவாகவே வளர்வதால் எளிதில் கண்ணுக்குத் தப்பிவிடும்.

வயிற்றுறுப்புகளில் நிகழும் மாற்றங்கள்

காசநோய் மிகுதியும் தாக்கும் குடற்பகுதி, சிறுகுடலின் கடைப்பகுதியும் அது பெருங்குடலோடு கூடும் சந்தியும் ஆகும். அங்கு நிணத்திசு செறிந்திருப்பதும் உணவு நெடுநேரம் தங்குவதும் இதற்குரிய காரணங்களாகக் கருதப்படுகின்றன. எதிர்ப்பாற்றல் ஓரளவு எஞ்சியிருப்பின், உடல் கிருமியைச் சுற்றி உயிரணுத் திரளைகளை எழுப்பி அதனைச் சிறைப்படுத்த முயல்கிறது. திரளையின் நடுப்பகுதி பாலாடைக்கட்டி போல் சிதைகிறது. புண் ஆறும்போது தழும்பு சுருங்கிக் குடலைக் குறுக்குகிறது. எதிர்ப்பாற்றல் மிகவும் குன்றிய நிலையில் திரளைகள் முறையாக உருவாவதில்லை. கிருமிகள் மட்டும் பெருகிக் கிடக்கின்றன.

ஏவியம் தொகுதித் தொற்றில் இந்நிலை அதன் எல்லையைத் தொடுகிறது. குடலின் உட்சவ்வுக்கு அடியில் விழுங்கணுக்கள் குவிகின்றன. அவற்றுள் கிருமிகள் செறிந்திருக்கும். அவ்வணுக்களுக்குக் கிருமியை விழுங்க முடிகிறது, கொல்ல முடிவதில்லை. சிறுகுடலின் உட்சவ்வு தடித்து, ஊட்டச்சத்து உறிஞ்சப்படுவது தடைப்படுகிறது. இத்தோற்றம் விப்பிள் நோய் என்னும் அரிய குடல்நோயை ஒத்திருப்பதால், திசுவில் அமிலம் தாங்கும் கிருமிக்கான சாயச்சோதனை செய்யப்படாவிடில் நோய் தவறாக அடையாளம் காணப்படக்கூடும். உண்டும் உடல் தேறாமை, நாள்பட்ட கழிச்சல், கடும் குருதிச்சோகை ஆகியன இதன் விளைவுகள்.

சிக்கல்கள்

வயிற்றில் தங்கிய மைக்கோபாக்டீரியத் தொற்றின் சிக்கல்களைப் பின்வருமாறு வகைப்படுத்தலாம்.

முதலாவது குடலடைப்பு. தழும்பால் குடல் குறுகுதல், வீங்கிய நிணநீர்க்கணுக்கள் அழுத்துதல், குடல்மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளுதல் ஆகியவற்றால் இது நேர்கிறது. உணவுக்குப்பின் விட்டுவிட்டு வரும் வலியும் வயிற்று இரைச்சலும் அடைப்பின் முன்னறிவிப்புகள்.

இரண்டாவது குடற்துளை. புண் ஆழ்ந்து சுவரைத் துளைக்கும்போது குடலிலுள்ளவை வயிற்றறையில் சிந்திச் சீழ்பிடிக்கின்றன. எதிர்ப்பாற்றல் குன்றியவரிடம் வயிறு பலகைபோல் இறுகும் வழக்கமான அடையாளம் வெளிப்படாமலே போகலாம். எனவே திடீரெனக் கூடும் வலி, நாடித்துடிப்பு மிகுதல், குருதியழுத்தம் குறைதல் ஆகியவற்றையே எச்சரிக்கையாகக் கொள்ளவேண்டும்.

மூன்றாவது வயிற்றறை உறையின் அழற்சி. இதனால் நீர் கோத்து, வழக்கில் மகோதரம் எனப்படும் நிலை தோன்றுகிறது. நிணநீர்க் குழாய்கள் அடைபட்டால் அந்நீர் பால்போல் வெளுத்திருக்கும்.

நான்காவது கல்லீரல், மண்ணீரல் பாதிப்புகள். காசநோயில் மண்ணீரலில் சிறுசிறு சீழ்க்கட்டிகள் தோன்றுகின்றன. ஏவியம் தொகுதியில் இரு உறுப்புகளும் பெருமளவு வீங்குகின்றன. அரிதாக மண்ணீரல் தானே வெடித்து உட்குருதிப்போக்கு நேர்வதுண்டு. கல்லீரலில் திரளைகள் பரவும்போது, மஞ்சட்காமாலை தோன்றாமலே குருதியில் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் நொதி உயரும்.

ஐந்தாவது முதுகுத்தண்டை ஒட்டிய இடுப்புத்தசையில் சீழ்க்கட்டி உருவாதல். நடக்கும்போது இடுப்பு வலிப்பதாக மட்டுமே இது வெளிப்படக்கூடும்.

வேறுபடுத்தி அறிதல்

இவ்விரு நோய்களையும் பிரித்தறிய ஒற்றைச் சோதனை போதாது. கணினி வழி ஊடுகதிர்ப் படத்தில் நிணநீர்க்கணுக்களின் நடுப்பகுதி கருத்தும் விளிம்பு ஒளிர்ந்தும் காணப்பட்டால் அது காசநோய்க்குச் சார்பான சான்று. அக்கருமை நடுப்பகுதி சிதைந்திருப்பதைக் காட்டுகிறது. கணுக்கள் பெரிதாகவும் ஒருசீரான அடர்த்தியோடும் இருந்து, சிறுகுடற்சுவர் பரவலாகத் தடித்து, கல்லீரலும் மண்ணீரலும் மிக வீங்கியிருந்தால் ஏவியம் தொகுதியின் சாயல் கூடுகிறது. இவை சாய்வுகளேயன்றி முடிவுகள் அல்ல.

வயிற்றறை நீரில் நிணவணுக்களும் புரதமும் மிகுந்து, அடினோசின் டீஅமினேஸ் நொதியின் அளவும் உயர்ந்திருப்பின் காசநோய் வலுவாக ஐயுறப்படும். ஆனால் அந்நீரில் கிருமிகள் மிகக் குறைவாகவே இருப்பதால், மரபணுச் சோதனையில் கிருமி தென்படாமை நோயின்மைக்குச் சான்றாகாது. சிடி4 எண்ணிக்கை மிகத் தாழ்ந்தோரிடம் சிறுநீரில் காசநோய்க் கிருமியின் உறைப்பொருளைக் காணும் பட்டைச் சோதனை பயன்மிக்கது. உலக நலவாழ்வு அமைப்பு 2015இல் இதனைப் பரிந்துரைத்து, 2019இல் பரிந்துரையை விரிவாக்கியது. சளியே வராத நோயாளிக்கு இச்சோதனை பெருந்துணை. ஏவியம் தொகுதியை உறுதிசெய்யக் குருதியைத் தனி ஊடகத்தில் வளர்த்துப் பார்த்தல் வேண்டும்.

ஒரு குறிப்பு இங்கு முதன்மையானது. நுண்ணோக்கியில் அமிலம் தாங்கும் கிருமிகள் ஏராளமாகத் தெரிந்தும் அதே மாதிரியில் காசநோய்க்கான மரபணுச் சோதனை எதிர்மறையாக வந்தால், காசநோய் அல்லாத மைக்கோபாக்டீரியத்தை உடனே ஐயுறவேண்டும். அறுவை சிகிச்சையிலோ உள்நோக்கியிலோ எடுக்கப்படும் திசுவை முழுவதும் பார்மலினில் இடும் வழக்கம் இந்த வாய்ப்பையே அழித்துவிடுகிறது. பார்மலின் கிருமியைக் கொன்றுவிடுவதால் பின்னர் வளர்ப்புச் சோதனை இயலாது. திசுவின் ஒரு பகுதியை உப்புநீரில் தனியே அனுப்புவது செலவில்லாத, ஆனால் நோயாளியின் சிகிச்சையையே மாற்றக்கூடிய செயலாகும். நிணவணுப் புற்று, குரோன் நோய், சைட்டோமெகலோ வைரசுத் தொற்று, பூஞ்சைத் தொற்று ஆகியனவும் இதே அறிகுறிகளோடு வரலாம் என்பதாலும் திசுச் சான்று இன்றியமையாததாகிறது.

தமிழ்நாட்டில் முதல் ஐயம்

எச்.ஐ.வி. பரவலின் தொடக்க ஆண்டுகளில் மேலைநாடுகளின் மருத்துவ நூல்கள் ஏவியம் தொகுதியை முற்றிய நோய்நிலையின் முதன்மைத் தொற்றுகளுள் ஒன்றாகக் காட்டின. இந்தியாவில் அது அந்த அளவு காணப்படவில்லை. சுற்றுச்சூழலில் அக்கிருமி இல்லாமை இதற்குக் காரணமன்று. 1968இல் செங்கற்பட்டு வட்டாரத்தில் தொடங்கிய பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வின் களப்பகுதியில், காசநோய் அல்லாத மைக்கோபாக்டீரியங்கள் மண்ணிலும் நீரிலும் மக்களின் சளியிலும் பின்னர்க் கண்டறியப்பட்டன.

இம்முரண்பாட்டுக்கு மூன்று விளக்கங்கள் கூறப்படுகின்றன. சிடி4 எண்ணிக்கை 50க்குக் கீழே இறங்குமுன்னரே காசநோய் நோயாளியைத் தாக்கிவிடுகிறது என்பது ஒன்று. இளமை முதல் சுற்றுச்சூழல் கிருமிகளோடும் பி.சி.ஜி. தடுப்பூசியோடும் பழகியமையால் ஓரளவு பாதுகாப்பு அமைந்திருக்கலாம் என்பது இரண்டாவது. குருதி வளர்ப்புச் சோதனை எல்லா இடங்களிலும் செய்யப்படாமையால் நோய் கண்டறியப்படாமலே போகிறது என்பது மூன்றாவது. மூன்றாவது விளக்கத்தில் உண்மை இருக்குமாயின், காசநோய் மருந்துக்குக் கட்டுப்படாத சிலர் வேறொரு கிருமியால் நலிந்தவராக இருக்கக்கூடும். ஆகவே காசநோயை முதலில் ஐயுறுதலும், சிகிச்சை பயன்தராதபோது அவ்வையத்தை மறுஆய்வு செய்தலும் இணைந்தே செல்லவேண்டியவை.

மருத்துவமும் காலமும்

வயிற்றுக் காசநோய்க்கு ஆறுமாதச் சிகிச்சை பரிந்துரைக்கப்படுகிறது. முதல் இரு மாதங்கள் ஐசோனியாசிட், ரிபாம்பிசின், பைராசினமைடு, எத்தாம்பியூட்டால் ஆகிய நான்கும், அடுத்த நான்கு மாதங்கள் பைராசினமைடு நீங்கலான மூன்றும் நாள்தோறும் வழங்கப்படுகின்றன. நாள்தோறும் என்பதற்குச் சான்று சென்னையிலேயே கிடைத்தது. தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் எச்.ஐ.வி.யும் நுரையீரல் காசநோயும் உடைய 331 பேரிடம் நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வில், நாள்தோறும் மருந்துண்டோரில் 91 விழுக்காட்டினரும், வாரம் மும்முறை உண்டோரில் 77 விழுக்காட்டினரும் நற்பயன் அடைந்தனர். ரிபாம்பிசினுக்கு எதிர்ப்புத்திறன் புதிதாகத் தோன்றிய நால்வரும் மும்முறை உண்ட குழுவினரே.

ஏவியம் தொகுதிக்குரிய மருந்துகள் வேறு. கிளாரித்ரோமைசின் அல்லது அசித்ரோமைசினோடு எத்தாம்பியூட்டால் சேர்க்கப்படும். தேவைப்படின் ரிபாபியூட்டினும் உடன் வழங்கப்படும். இச்சிகிச்சை குறைந்தது ஓராண்டு நீடிக்கவேண்டும். சிடி4 எண்ணிக்கை 100க்கு மேல் ஏறி ஆறுமாதம் நிலைத்தபின்னரே நிறுத்தலாம். நோய் பரவிய நிலையில் அசித்ரோமைசினை மட்டும் தனித்துக் கொடுத்தால் கிருமி எதிர்ப்புத்திறன் பெற்றுவிடும். அவ்வாறே, காரணம் அறியாக் காய்ச்சலுக்குப் புளோரோகுயினலோன் வகை மருந்துகளை வழங்குவது காசநோயைத் தற்காலிகமாக மறைத்து நோயறிதலைத் தாமதப்படுத்தும்.

எச்.ஐ.வி. மருந்தைத் தொடங்கும் காலமும் முதன்மை வாய்ந்தது. மூளையுறைக் காசநோய் அல்லாதவற்றில், காசநோய் மருந்து தொடங்கிய இரு வாரங்களுக்குள் எச்.ஐ.வி. மருந்தும் தொடங்கப்படலாம் என்பது உலக நலவாழ்வு அமைப்பின் 2021ஆம் ஆண்டுப் பரிந்துரை. ரிபாம்பிசின் டோலுடெகிராவிரின் அளவைக் குருதியில் குறைப்பதால், அம்மருந்து 50 மில்லிகிராம் வீதம் நாளொன்றுக்கு இருமுறை தரப்படுகிறது. இரண்டாம் வேளை மாத்திரை விடுபட்டால் எச்.ஐ.வி. சிகிச்சை பழுதுபடக்கூடும்.

குடற்துளை, முழு அடைப்பு ஆகியவற்றில் அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போட இயலாது. பகுதி அடைப்பு பெரும்பாலும் மருந்தாலேயே தளரும். எச்.ஐ.வி. தொற்று இருப்பதைக் காரணங்காட்டி அறுவை சிகிச்சையை மறுப்பதற்கு மருத்துவத்திலும் சட்டத்திலும் இடமில்லை.

மீட்சியில் தோன்றும் அழற்சி

எச்.ஐ.வி. மருந்து தொடங்கிய சில வாரங்களில், தேறிவந்த நோயாளி திடீரென நலிவதுண்டு. காய்ச்சல் திரும்புகிறது, வயிற்றுக் கணுக்கள் வீங்குகின்றன, வலியும் அடைப்பும் கூடுகின்றன. மீண்டெழுந்த எதிர்ப்பாற்றல், எஞ்சியுள்ள கிருமிகளையும் அவற்றின் சிதைவுகளையும் இனங்கண்டு தாக்குவதால் எழும் இந்நிலை எதிர்ப்பாற்றல் மீட்சி அழற்சி எனப்படும். மறைந்திருந்த தொற்று இவ்வாறு முதன்முறையாக வெளிப்படுவதும் உண்டு.

நோயாளியும் குடும்பத்தாரும் இதனை மருந்தின் தீங்காகக் கருதி மாத்திரைகளை நிறுத்திவிடும் இடம் இதுவே. மருந்து எதிர்ப்புத்திறன், மாத்திரை தவறுதல், வேறு தொற்று ஆகியன இல்லையென உறுதிசெய்தபின், இரு சிகிச்சைகளையும் தொடர்ந்தபடியே பிரட்னிசோலோன் வழங்கி அழற்சியைத் தணிக்கலாம். முதல் மாத்திரையைத் தரும்போதே ‘சில வாரங்களில் உடல்நிலை மோசமாவதுபோல் தோன்றலாம், மருந்தை நிறுத்தாமல் உடனே வருக’ என அறிவுறுத்துவது பல உயிர்களைக் காக்கும்.

இரமணாசிரமப் பகுதி: தொடர்ச்சி என்னும் சிக்கல்

இதுவரை கூறிய சிகிச்சை யாவும் நோயாளி ஓரிடத்தில் தங்கி, நாள்தோறும் மருந்துண்டு, குறித்த நாளில் மருத்துவமனைக்கு வருவார் என்னும் எதிர்பார்ப்பின்மீது அமைந்தது. அவ்வெதிர்பார்ப்பு எங்குத் தளர்கிறது என்பதற்குத் திருவண்ணாமலையின் செங்கம் சாலையிலுள்ள இரமணாசிரமப் பகுதி தக்க எடுத்துக்காட்டு. 1922இல் இரமணரின் தாயார் சமாதியை ஒட்டி உருவான ஆசிரமத்தைச் சுற்றி இன்று உள்ளூர்க் குடும்பங்கள், கிரிவலப் பாதையில் தங்கும் துறவியர், வேற்று மாநிலத்தார், வெளிநாட்டு அன்பர்கள் எனப் பலதரப்பினர் வாழ்கின்றனர். பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் முழுநிலவுதோறும் பெருந்திரள் வந்து செல்கிறது.

இத்தகைய இடத்தில் எச்.ஐ.வி. தொற்றுள்ள ஒருவருக்கு வயிற்றுநோய் வந்தால் எழும் வினாக்கள் பாடநூலில் இல்லாதவை. அன்னதானத்தை நம்பி வாழ்பவர்க்கு உணவு வேளை அவர் கையில் இல்லை. மருந்து வேளையை அதற்கேற்ப வகுக்கவேண்டியுள்ளது. காசி, இராமேசுவரம் எனப் பயணம் மேற்கொள்பவர்க்கு மாத்திரைகள் வழியில் தீர்ந்துபோகக் கூடாது. காசநோயாளியின் பதிவு நிக்சய் என்னும் நாடளாவிய இணையப் பதிவேட்டில் இருப்பதால் சிகிச்சையை வேறோர் ஊருக்கு மாற்றிக்கொள்ள இயலும்; எச்.ஐ.வி. கூட்டு மருந்து மையங்களுக்கிடையேயும் மாறுதல் உண்டு. புறப்படுமுன் மையத்தில் தெரிவிப்பதே இதற்குத் தேவையான ஒரே செயல். அதனை நோயாளிக்கு முன்கூட்டியே கூறுவது மையத்தின் கடமை.

நோயறிதலில் வாழிட வரலாறும் பொருள்பொதிந்தது. காசநோய் அருகிய நாட்டிலிருந்து அண்மையில் வந்தவரிடம் ஏவியம் தொகுதியின் வாய்ப்பு ஒப்பளவில் கூடுதல். பல ஆண்டுகள் இங்கேயே வாழ்பவரை உள்ளூரார்போலவே கருதவேண்டும். துறவு, உண்ணாநோன்பு ஆகியவற்றின் விளைவு என உடல்மெலிவை ஒதுக்கிவிடுவதும் இவ்விடத்தில் நேரக்கூடிய பிழையாகும். எச்.ஐ.வி. தொற்றாளர்களிடம் காசநோயை ஐயுறுவதற்கு வினவப்படும் நான்கு அறிகுறிகள் இருமல், காய்ச்சல், எடை குறைதல், இரவு வியர்வை என்பன. இவற்றுள் மூன்று நுரையீரலுக்கு மட்டும் உரியன அல்ல. எனவே இருமல் இல்லை என்ற விடையோடு வினாவை முடித்துக்கொள்ளலாகாது.

அரசின் ஏற்பாடுகளும் துணைநிற்கின்றன. திருவண்ணாமலையில் 2013 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. 2022இல் தமிழ்நாடு தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம், கடும் ஊட்டக்குறைவு, மூச்சுத்திணறல், எழுந்து நிற்க இயலாமை ஆகியவற்றை நோய் கண்டறியப்பட்டவுடன் அளந்து, தேவைப்படுவோரை உள்நோயாளியாகச் சேர்க்க வழிசெய்கிறது. வயிற்றுக் காசநோயால் உருக்குலைந்தோர் பலர் இவ்வளவீட்டில் முதல் நிலையிலேயே இனங்காணப்படுவர். காசநோயாளிகளுக்கான மாத ஊட்டச்சத்து உதவித்தொகை 2018இல் 500 ரூபாயாகத் தொடங்கி, 2024 நவம்பர் முதல் 1000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. வங்கிக் கணக்கு இல்லாதோர்க்கு அதனைத் திறந்து தருவதும் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே கொள்ளத்தக்கது. 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. மற்றும் எய்ட்சு தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம், இசைவின்றி ஒருவரின் தொற்றுநிலையை வெளியிடுவதையும், மருத்துவம், வாடகை இருப்பிடம் ஆகியவற்றில் பாகுபாடு காட்டுவதையும் தடைசெய்கிறது. விடுதியிலோ வாடகை அறையிலோ தங்கியிருப்பவர் இடத்தை இழக்க நேருமென அஞ்சி மருந்தை மறைத்துவைக்கும் நிலை நீங்க, இச்சட்டம் பரவலாக அறியப்படவேண்டும்.

முடிவுரை

எச்.ஐ.வி. தொற்றாளரின் வயிற்றில் தோன்றும் மைக்கோபாக்டீரியத் தொற்று, அறிகுறிகளால் ஒன்றாகவும் காரணத்தால் இரண்டாகவும் விளங்குவது. தமிழ்நாட்டில் காசநோயை முதலில் ஐயுறுதல் முறையே. எனினும் திசுவின் ஒரு பகுதியைப் பார்மலினில் இடாமல் வளர்ப்புச் சோதனைக்கு அனுப்புதல், மரபணுச் சோதனையும் நுண்ணோக்கிச் சோதனையும் முரண்படும்போது ஏவியம் தொகுதியை நினைத்தல், எச்.ஐ.வி. மருந்து தொடங்கியபின் தோன்றும் நலிவை மருந்தின் தோல்வியெனக் கொள்ளாமை ஆகிய மூன்றும் அவ்வையத்தோடு உடன்செல்லவேண்டும். இவை பெருஞ்செலவு கோருவன அல்ல. நோயாளி எங்குச் சென்றாலும் மருந்து அவரைப் பின்தொடரும் ஏற்பாடும் இவற்றோடு சேருமாயின், வழிநடையில் வாழ்பவரும் ஆறுமாதச் சிகிச்சையை நிறைவுசெய்ய இயலும்.